காதில் விழும் சொல்லும் கையில் இருக்கும் வேலையும்

(காஞ்சிபுரத்தில், எழுத வந்திருக்கும் இளைஞர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் எழுத்தைப் பற்றிப் பேச வருகிறவர் குமரகோட்டத்தைத் தாண்டி வர முடியாது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவே இருக்கும் அந்த முருகன் கோயிலில் பூசை செய்தவர் கச்சியப்ப சிவாச்சாரியார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கந்தபுராணம் செய்தவர். அரங்கேற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் மண்டபம் அங்கே இருக்கிறது. உங்களில் பலர் சிறு வயதில் அதன் தூண்களுக்கிடையே ஓடி விளையாடியிருப்பீர்கள்.

அந்த அரங்கேற்றம் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே ஒரு புலவர் எழுந்து மறித்தார். இரண்டு சொற்கள் இங்கே புணர்ந்திருக்கும் விதத்துக்கு இலக்கணத்தில் விதி எங்கே என்று கேட்டார். கச்சியப்பருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவை கலைந்தது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து, வீரசோழியத்தைப் பிரித்து, அந்தப் புணர்ச்சிக்கான விதியைக் காட்டினார். வந்தவர் முருகனே என்பது பக்தர்களின் நம்பிக்கை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஒரு விஷயம் உண்டு. வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். சைவப் புராணம் ஒன்றின் முதல் அடிக்குப் பௌத்தர் ஒருவரின் இலக்கணம் சாட்சி சொல்லியிருக்கிறது. காஞ்சி எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

இந்தக் கதையை ஒரு காரணத்துக்காக எடுத்தேன். மறித்த புலவர் என்ன கேட்டார் என்று கவனியுங்கள். மணியடித்துப் பூசை செய்கிறவருக்குக் காவியம் எதற்கு என்று கேட்கவில்லை. இத்தனை பாட்டை யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்றும் கேட்கவில்லை. இந்த எழுத்து ஏன் இப்படி ஆனது என்று கேட்டார். அது நூலைப் பற்றிய கேள்வி. நூலைப் பற்றிய கேள்வி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதற்கு ஒரு மறுநாள் உண்டு. ஏட்டைப் புரட்டலாம், விதி தேடலாம், கிடைக்காவிட்டால் பாட்டைத் திருத்தலாம்.

ஆனால் எழுதத் தொடங்குகிற பிள்ளைகள் நம் தெருக்களில் கேட்கிற சொற்கள் வேறு வகை. "கதை எழுதறானாம் கதை." "இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?" "உருப்படற வழியைப் பாரு." "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" இவற்றில் ஒரு சொல்கூட எழுதப்பட்ட தாளைத் தொடவில்லை. சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. எழுதுகிற ஆளைப் பற்றி, அவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பற்றி எழுகிற சொற்கள் இவை. இவற்றுக்கு ஏட்டில் விதி தேட முடியாது. மறுநாள் யாரும் சோழ நாட்டிலிருந்து வந்து காப்பாற்றவும் மாட்டார்கள்.

ஒரு நூலைத் தடை செய்தால் நீதிமன்றம் போகலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற சொல்லை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது? நம்மிடையே எழுத்தை நிறுத்தியவர்களில் மிகப் பலரை நிறுத்தியது தடையில்லை, இந்தச் சொல்தான் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். "எழுத்து சோறு போடுமா?" என்ற கேள்வியை நான் ஏளனத்தோடு சேர்க்க மாட்டேன். இந்த ஊரின் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்து, முன்பணக் கடனை அடைக்க முடியாமல், பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தகப்பனார் அதைக் கேட்டால் அது பயம். அந்தப் பயத்துக்கு மரியாதை தர வேண்டும். நேர்மையான பதிலும் தர வேண்டும். தமிழில் எழுத்து அநேகமாகச் சோறு போட்டதில்லை. ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். தி. ஜானகிராமன் ஆசிரியராக இருந்தார், பிறகு வானொலியில் வேலை பார்த்தார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கினார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். இவர்களில் பெரும்பாலோர் சோற்றுக்கும் எழுத்துக்கும் ஒரே அடுப்பை மூட்டவில்லை. "அப்பா, வேலைக்கும் போவேன், எழுதவும் எழுதுவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வேலைக்கும் போங்கள். அந்தக் கேள்வி அதோடு அடங்கும்.

அலட்சியமாக ஒலிக்கும் சொல் எல்லாமே அலட்சியம் அல்ல என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. தமிழ்நாட்டின் வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி அது. 1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று அடுக்குகிறார் ஐயர். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தொனியிலேயே பேசுகிறார். இருபத்தைந்து வயது இளைஞர், தம் குருவின் பெருமையையே சொத்தாக நினைத்தவர். அந்தப் பேச்சு அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆனால் முதலியார் அதோடு நிறுத்தவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் தெரியுமா என்று கேட்டார். சிந்தாமணியின் ஏட்டுப் பிரதிக்கும் வழி செய்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு வந்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அந்த இளைஞர் மனம் புண்பட்டு வீட்டுக்குப் போய், முன்சீபுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று பேசிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் கேள்வியை எடுத்துக்கொண்டார், தொனியை விட்டுவிட்டார். நீங்கள் செய்யாததைச் சுட்டி, செய்யுங்கள் என்று சொல்கிறவர் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அவர் வாசலுக்குத் திரும்பப் போங்கள். நீங்கள் செய்வதைச் சுட்டி, உங்களுக்கு எதற்கு என்று கேட்பவரிடம் போய் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன். அவர் காஞ்சிக்காரர் அல்ல. ஆனாலும் உங்களுக்கு அந்நியரும் அல்ல. பட்டும் சரிகையும்தான் அவர் வீட்டுத் தொழில். எம். வி. வெங்கட்ராம். 1920-இல் கும்பகோணத்தில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் அவருடைய கதை 'மணிக்கொடி'யில் வந்துவிட்டது. புதுமைப்பித்தனும் கு. ப. ராஜகோபாலனும் எழுதிய இதழில் பதினாறு வயதுப் பையனின் கதை. சரிகை வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில் 'தேனீ' என்று ஓர் இலக்கிய இதழ் நடத்தினார், இழந்தார். வியாபாரமும் பின்னால் நொடித்தது. குடும்பத்துக்காகப் பதிப்பகத்துக்கு வாழ்க்கை வரலாற்று நூல்களை எழுதித் தள்ளினார். கும்பகோணத்து நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்று நாவலாக்கினார். தறியடியில் பிறந்த துக்கத்தைத் தறியடியின் மொழியிலேயே சொன்ன நாவல் அது. படிக்காதவர்கள் இந்த வாரமே தேடிப் படியுங்கள்.

அவருக்கு ஒரு துன்பம் வந்தது. காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. வெளியே பேசுகிறவர் யாரும் இல்லை. ஆனால் காதுக்குள் வசை, ஏளனம், ஆபாசம், கூச்சல். இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகள் நீடித்தது. மருத்துவம் இதை நோய் என்று அறிந்திருக்கிறது, இன்று இதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. இந்த அவையில் யாருக்காவது அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் கேட்குமானால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

நினைத்துப் பாருங்கள். நமக்கெல்லாம் ஏளனம் செய்கிறவர் வெளியே இருக்கிறார். கதவைச் சாத்தினால் போய்விடுவார். வெங்கட்ராமுக்கு அவர் காதுக்குள்ளேயே குடியிருந்தார். பேனாவை எடுக்கும்போதும் இருந்தார், சாப்பிடும்போதும் இருந்தார், தூங்கப் போகும்போதும் இருந்தார். அந்த நிலையில் ஒரு மனிதர் எழுத முடியுமா? அவர் எழுதினார். அந்தக் குரல்களையே எழுதினார். 'காதுகள்' என்ற நாவல். அதன் நாயகன் மகாலிங்கம் வியாபாரியும் எழுத்தாளனும் ஆனவன். அவன் காதுகளில் இரவும் பகலும் ஒரு கூட்டம் சண்டை போடுகிறது, திட்டுகிறது, நாடகம் ஆடுகிறது. அவன் முருகனைக் குருவாகப் பற்றிக்கொண்டு நிற்கிறான். அந்த நாவலுக்கு 1993-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத வந்து அறுபது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தபோது கிடைத்த விருது. 2000-இல் அவர் மறைந்தார்.

விருதுக்காக இதைச் சொல்லவில்லை. விருது வராவிட்டாலும் 'காதுகள்' அதே நாவல்தான். அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். குரல்கள் ஓயட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. குரல்களோடு வாதாடி ஜெயிக்கவும் இல்லை. அவை எப்படிப் பேசுகின்றன, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, எப்போது கெஞ்சுகின்றன, எப்போது மிரட்டுகின்றன என்று ஓர் எழுத்தாளனின் காதால் கேட்டார். வதைத்த சொல்லையே பாத்திரமாக ஆக்கினார். எனக்குத் தெரிந்தவரை நவீனத் தமிழில் இதைவிடத் தைரியமான காரியம் இல்லை. அவருடைய நண்பர் தி. ஜானகிராமன் அளவுக்கு அவர் பேசப்படவில்லை என்பது தமிழ் வாசகர்களாகிய நம் குறை.

நம் நிலை அவருடையதைப்போல் கொடியது அல்ல. ஆனாலும் அதன் ஒரு துளி நம் எல்லோரிடமும் இருக்கிறது. "இதையெல்லாம் யாரு படிக்கப் போறா" என்று ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் சொன்னார். சொன்ன கையோடு அவர் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அது மறந்தே போயிருக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்து, ராத்திரி பதினொரு மணிக்கு, நீங்கள் நோட்டைத் திறக்கும்போது அந்தச் சொல் கேட்கிறதே, அதை இப்போது சொல்வது யார்? நீங்கள்தான். அவருக்காக, அவர் கேட்டுக்கொள்ளாமலே, நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே இருந்து வந்த சொல் ஒரு முறைதான் சொல்லப்பட்டது. அதை ஆயிரம் முறை ஆக்கியது நாம். எழுத்தை நிறுத்துவது அந்த ஒரு முறை அல்ல, இந்த ஆயிரம் முறை. நான் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றிச் சுற்றி வருவதுதான்.

அப்படியானால் என்ன செய்வது? வெங்கட்ராம் காட்டிய வழியையே நான் சொல்வேன். அந்தச் சொல்லைத் தாளில் எழுதுங்கள். யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், அப்போது கையில் என்ன வைத்திருந்தார், சொல்லிவிட்டு யாரைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார், எல்லாவற்றையும் அவர் பேசிய அதே பேச்சில் எழுதுங்கள். உள்ளே ஒலித்துக்கொண்டிருந்த வரையில் அது உங்கள் மீது வந்த தீர்ப்பு. தாளில் வந்துவிட்டால் அது ஒரு மனிதர் பேசிய பேச்சு. அந்த மனிதருக்கும் ஒரு வயது, ஒரு கடன், ஒரு பொறாமை, நிறைவேறாத ஓர் ஆசை இருப்பது எழுத எழுதத் தெரியும். ஒருவேளை அவரும் இளமையில் கவிதை எழுதியவராக இருக்கக்கூடும்.

சொன்னவர் மாறவும் கூடும். பாரதி மறைந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1930-களின் நடுவில், அவர் மகாகவியா இல்லையா என்று தமிழ்நாட்டில் பெரிய சண்டை நடந்தது. மகாகவி அல்ல என்ற பக்கத்தில் நின்றவர்களில் கல்கியும் ஒருவர். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதிக்காக வாதாடி எழுதியவை 'கண்ணன் என் கவி' என்று 1937-இல் நூலாயின. அதே கல்கிதான் பின்னால் ஊர் ஊராகப் பணம் திரட்டி எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்றார். 1947-இல் அது திறக்கப்பட்டது. ஒருவர் இன்று சொல்லும் சொல்லைக் கடைசிச் சொல்லாக நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

நம் மரபும் இந்த விஷயத்தில் மென்மையானது அல்ல. பிழையாகப் பாடினால் தலையில் குட்ட ஒரு பிள்ளைப் பாண்டியன், காதை அறுக்க ஒரு வில்லிபுத்தூரார், தலையையே வெட்ட ஓர் ஒட்டக்கூத்தர் என்று கதை சொன்ன மரபு இது. ஒட்டக்கூத்தர் செங்குந்தர் குலத்தவர் என்பது மரபு. இந்த ஊரில் தறி நெய்கிற பல குடும்பங்கள் அவரைத் தங்கள் முன்னோராகவே நினைக்கின்றன. இன்னொரு பக்கம் பாருங்கள். மயிலாப்பூரில் நெய்து பிழைத்ததாக மரபு சொல்லும் வள்ளுவரின் நூலை மதுரைப் புலவர்கள் முதலில் ஏற்க மறுத்தார்கள் என்றும் கதை இருக்கிறது. காசியில் நெசவுத் தொழில் செய்த கபீரை அவ்வூர்ப் பண்டிதர்கள் மதிக்கவில்லை. இவற்றில் எது வரலாறு, எது கதை என்று பிரிப்பது ஆராய்ச்சியாளர் வேலை. மக்கள் இந்தக் கதைகளை நூற்றாண்டுக் கணக்கில் பாதுகாத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். தறிக்காரனுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் பதிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் தேவைப்பட்டிருக்கிறது.

தறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் நெசவாளர் வீட்டில் தறி கூடத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரர் வருவார், கடன்காரர் வருவார், பக்கத்து வீட்டுச் சண்டை வாசலில் நடக்கும். நெய்கிறவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், சிரிப்பார், சில சமயம் கோபப்படுவார். காலும் கையும் நிற்காது, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். ஊர் அமைதியான பிறகு நெய்யலாம் என்று உட்கார்ந்தால் ஒரு புடவையும் அறுத்து எடுக்க முடியாது. எழுத்தில் உறுதி என்று நான் சொல்வது இதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உலகத்தை எதிர்ப்பது அல்ல. பேச்சு பேச்சாக இருக்க, வேலை வேலையாக நடப்பது.

சி. சு. செல்லப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். யாப்பில்லாத புதுக்கவிதையை அது ஏந்திப் பிடித்தது. பண்டிதர்கள் சிரித்தார்கள், இது வசனமும் அல்ல கவிதையும் அல்ல என்றார்கள். வாங்கியவர்களோ சில நூறு பேர். 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கவிதைகளைக் கல்லூரியில் பாடமாகப் படித்தார்கள். அவருடைய 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களாக வந்தபோது ஆண்டு 1997, அவருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டி. அந்த வயதில், அவ்வளவு பெரிய நாவலை, தாமே பதிப்பித்தார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். சாகித்திய அகாதெமி விருது 2001-இல் வந்தது, வாங்க அவர் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர் வாழ்க்கையை வருத்தமான வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன். தான் செய்ய நினைத்ததைக் கடைசிப் பக்கம் வரை செய்து முடித்த மனிதர் அவர்.

இதுவரை நான் சொன்னவர்களுக்குக் குறைந்தது எழுத உட்கார ஓர் இடமாவது இருந்தது. அதுவும் இல்லாதவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் நின்றது. வயதுக்கு வந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். திருமணத்துக்குப் பிறகு வீட்டார் தூங்கிய பிறகு, கழிவறையில் நின்றுகொண்டு, கிடைத்த துண்டுத் தாள்களில் கவிதை எழுதினார். ராஜாத்தி என்ற பெயரை மறைத்து, சல்மா ஆனார். அந்தத் தாள்கள் வெளியே போய்ச் சேர அவருடைய அம்மா உதவினார். 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது, 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. பின்னால் அதே ஊரின் பேரூராட்சித் தலைவரும் ஆனார். எனக்கு அந்த அம்மாவைப் பற்றி அடிக்கடி நினைவு வரும். வீடு முழுவதும் வேண்டாம் என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் தாளை முந்தானையில் மறைத்து வாங்கிக்கொண்டால் போதும், எழுத்து பிழைத்துவிடும். இந்த அவையில் எழுதாதவர்களும் பலர் இருக்கிறீர்கள். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தலித் மக்கள் வீட்டில் பேசுகிற தமிழை அவர் அப்படியே எழுத்தில் வைத்தார். இது என்ன தமிழ், இதை எப்படி அச்சடிப்பது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சொந்த ஊரிலும் முதலில் கோபம் இருந்தது. அந்த மொழியைத் திருத்திச் செப்பமாக்கியிருந்தால் சுளித்த முகங்கள் மலர்ந்திருக்கும், ஆனால் 'கருக்கு' இருந்திருக்காது. இடைசெவல் கி. ராஜநாராயணன் கதையும் இதுதான். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கரிசல்காட்டு விவசாயி. எங்கள் ஊர்ப் பேச்சு கொச்சை அல்ல என்ற வாதத்தோடு அவர் நிற்கவில்லை. கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்து வைத்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் உங்கள் ஊருக்கு வருகிறேன். 1942-இல் அண்ணா 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியது இங்கிருந்துதான். நெசவாளர் தெருக்களில் பிறந்த ஒருவரின் பேச்சும் எழுத்தும் தமிழ்நாட்டின் பேச்சையே மாற்றிய ஊர் இது. ஆனால் நெசவாளர் வாழ்வை எடுத்துக்கொண்டால், காஞ்சித் தறியைப் பற்றி உலகம் அறிந்த கதை பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம். நல்ல படம், தேசிய விருது பெற்ற படம். அவர் வெளியிலிருந்து வந்து பார்த்தார். உள்ளே இருக்கிறவர்கள் நீங்கள்.

கோர்வைத் தறியில், உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமும் சேர்கிற இடத்தில், கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். முன்பெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கும்போது நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவள் கதையை யார் எழுதியிருக்கிறார்கள்? முந்தானைக்கு வேறு நிறப் பாவை இழை இழையாகச் சேர்க்கிற வேலையைக் கண் மங்கிய பிறகும் விரலாலேயே செய்கிற பெரியவரின் கதையை? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போகிற மகனுக்கும், அவன் காலியாக விட்டுப்போன தறிக்குழிக்கும் நடுவே வீட்டுக்குள் நடக்கிற பேச்சை? சூரத்திலிருந்து வரும் சரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கேட்க முடியாமல் வாங்கிக்கொள்கிற கூலி நெசவாளரின் மனதை? விசைத்தறிப் புடவை கைத்தறி என்று விலைபோவதைக் கடை வாசலில் நின்று பார்க்கிறவரின் மௌனத்தை?

இவற்றை எழுதும்போது உங்களிடம் சொல்லப்படும், "இதுல என்ன இருக்கு எழுத, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று. இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஊரில் யாருக்கும் தெரியாது. இன்னும் இருபது ஆண்டு போனால் இந்தத் தெருவிலும் தெரிந்தவர் குறைவாக இருப்பார்கள். பாவு, ஊடை, அச்சு, கோர்வை என்று உங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிற சொற்கள் எழுத்தில் ஏறாமல் போனால், தறியோடு அவையும் போய்விடும்.

என்னால் முடிந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். எழுதியதைக் கொண்டுவாருங்கள். முடிந்தது, முடியாதது, அடித்தல் திருத்தலோடு இருப்பது, எதுவானாலும் சரி. உங்களுக்கு எழுத வருமா வராதா என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, வேறு யாருக்கும் இல்லை. இந்த வரி ஏன் இங்கே நிற்கிறது, இந்தக் கிழவர் ஏன் இப்படிப் பேசுகிறார், மூன்றாம் பக்கத்தை ஏன் முதல் பக்கமாக வைக்கக் கூடாது என்று கேட்பேன். கடுமையாகவே கேட்பேன். பதில் அன்றைக்கே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் வாருங்கள். இன்று கூட்டம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்பேன். நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள்.